வரவு உண்டு, செலவு இல்லை: வடசென்னை ஏரிகள் பச்சையாவது எதனால்?

மார்கழியில் கரை தொட்டுக் கிடக்கும் ரெட்டேரி, பங்குனி பிறப்பதற்குள் நிறம் மாறிவிடுகிறது. முதலில் ஓரங்களில் இளம்பச்சையாக ஓர் ஏடு. பிறகு காற்று ஒதுக்கும் பக்கமெல்லாம் அது தடிக்கிறது, வெயில் ஏற ஏற நாற்றமும் சேர்ந்துகொள்கிறது. கொரட்டூர், அம்பத்தூர், மாதவரம், மணலி என்று எந்த ஏரியை எடுத்தாலும் கோடைக்கதை ஏறக்குறைய இதுதான். கரையில் நிற்பவர்களைக் கேட்டால் ஒருவர் வெயில் என்பார், இன்னொருவர் சாக்கடை என்பார், மூன்றாமவர் ஆகாயத்தாமரையைக் கை காட்டுவார். வெயில் சென்னைக்குப் புதிதல்ல. ஆகாயத்தாமரை இதே நோயின் இன்னொரு அறிகுறி. சாக்கடை என்ற பதில் சரியான திசையில் போகிறது, ஆனால் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஏரிக்குள் என்ன வருகிறது என்பதோடு, வந்தது எந்த வழியாக வெளியே போகிறது என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.

பச்சை என்று பொதுவாகச் சொன்னாலும் நம் ஏரிகளில் தெரிவது ஒரே பொருள் அல்ல. இலையும் ஊதாப் பூவுமாக மிதப்பது ஆகாயத்தாமரை. அது செடி, பாசியே அல்ல. குச்சியை விட்டுத் தூக்கினால் தலைமுடி போல இழை இழையாகத் தொங்குவது நூல்பாசி. பார்க்க அசிங்கம், பெரும்பாலும் தீங்கில்லாதது. கவலைப்பட வேண்டியது மூன்றாவது வகை: குச்சியில் இழையாக வராமல், பூசினாற்போல் ஒட்டிக்கொண்டு வரும் நீலப்பச்சைப் பாசி. பழக்கத்தால் பாசி என்கிறோமே தவிர, இது பாக்டீரியா. செடிகளைப் போல ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பாக்டீரியா. பூமியின் காற்றில் முதன்முதலாக ஆக்சிஜனைச் சேர்த்த உயிர்களின் வம்சம்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடி பாட்டிலில் முக்கால் பங்கு ஏரி நீரை எடுத்து மூடி, அசைக்காமல் ஓர் இரவு வைத்தால் போதும். பச்சை அடியில் படிந்தால் பெரும்பாலும் சாதாரணப் பாசி. மேலே ஏறி வளையமாகக் கட்டினால் நீலப்பச்சை வகை என்று சந்தேகிக்கலாம். மேலே ஏறுவதற்குக் காரணம் இருக்கிறது. மைக்ரோசிஸ்டிஸ் போன்ற இனங்களின் உயிரணுக்களுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. இரவில் மிதந்து மேலே வந்து, காலை வெளிச்சத்தை முதல் ஆளாகப் பிடித்துக்கொள்ளும். வயிறு நிறைந்து கனம் கூடியதும் கீழே இறங்கி அடிநீரின் சத்தைத் தொட்டுவரும். கலங்கிய நீரில் மற்றப் பாசிகள் வெளிச்சம் இல்லாமல் தவிக்க, இது மட்டும் மேலும் கீழும் போய்வந்து பிழைத்துக்கொள்கிறது. 25 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் இதற்குக் கொண்டாட்டம். குளிர்நாடுகளில் அந்தக் கொண்டாட்டம் கோடை மாதங்களோடு முடிந்துவிடும். சென்னையில் ஏரி நீர் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான் இருக்கிறது. ஆகவே இங்கே பருவத்தைத் தீர்மானிப்பது வெப்பத்தைவிட நீர்மட்டம். ஐப்பசி, கார்த்திகை மழை ஏரியை நிரப்பிக் கரைசலை மெலிதாக்குகிறது. தை முதல் நீர் ஆவியாகிக்கொண்டே போகிறது. ஓராண்டில் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆவியாகும் ஊர் இது. நீர் போகும், அதில் கரைந்திருந்த சத்து போகாது. மாசி, பங்குனியில் மிஞ்சுவது கெட்டிப்பட்ட குழம்பு.

ஒரு சின்ன இடைச்செருகல். பாசியைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. இந்தியப் பாசியியலின் தந்தை என்று சொல்லப்படும் எம். ஓ. பார்த்தசாரதி ஐயங்கார் (1886–1963) சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தை வளர்த்தவர். அவருடைய மாணவர் டி. வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளை வகைப்படுத்தி 1959இல் வெளியிட்ட பெருநூலை உலகெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். எஸ். வி. கணபதி என்ற நீரியல் ஆய்வாளர், மைக்ரோசிஸ்டிஸ் ஆண்டு முழுக்க நீங்காமல் படர்ந்திருந்த ஒரு கோயில் குளத்தைப் பற்றி 1940லேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் கட்டுரை எழுதினார். நுண்ணோக்கியோடு முதலில் குனிந்து பார்த்த ஊர், இன்று தன் ஏரியின் பச்சைக்குப் பெயர் தெரியாமல் நிற்கிறது.

சரி, கெட்டிப்படுவது எந்தச் சத்து? இதற்கு மிகத் தெளிவான பதில் கனடாவிலிருந்து வந்தது. அங்கே ஆண்டாரியோ மாகாணத்தின் காட்டுப்பகுதியில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட சிறு ஏரிகள் பல உண்டு. அவற்றில் 226 என்று எண்ணிட்ட ஏரியை 1973இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் நடுவே பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் மட்டும் போட்டார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். சில வாரங்களில் பாஸ்பரஸ் விழுந்த பாதி அடர்பச்சையாகிவிட்டது. மற்றது தெளிவாகவே இருந்தது. விமானத்திலிருந்து எடுத்த அந்தப் படம், பாசிக்குக் காரணம் பாஸ்பேட் அல்ல என்று சோப்புக் கம்பெனிகள் அதுவரை செய்துவந்த வாதத்தை ஒரே நாளில் செல்லாக்காசாக்கியது. பல நாடுகள் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தியதற்குப் பின்னால் அந்தப் படம் இருக்கிறது.

பாஸ்பரஸ் மட்டும் ஏன் இவ்வளவு முக்கியம்? கார்பனுக்குக் காற்று ஒரு பாதை. நைட்ரஜனுக்கும் அப்படியே. அனபீனா போன்ற நீலப்பச்சை இனங்கள் காற்றிலிருந்தே நைட்ரஜனை இழுத்துக்கொள்ளும், வேறு பாக்டீரியாக்கள் அதைக் காற்றுக்கே திருப்பி அனுப்பிவிடும். பாஸ்பரஸுக்குக் காற்றுவழியே கிடையாது. ஏரிக்குள் வந்தால் நீரோடு போக வேண்டும், மண்ணோடு போக வேண்டும், இல்லையேல் ஓர் உயிரின் உடலோடு போக வேண்டும். இந்த மூன்றும் இல்லையென்றால் அங்கேயே கிடக்கும். எனவே ஒரு ஏரியின் நிலையைச் சொல்ல வேண்டுமானால் அதன் பாஸ்பரஸ் வரவு செலவைப் பார்த்தால் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

முதலில் வரவு. ஒரு மனிதர் ஒரு நாளில் வெளியேற்றும் பாஸ்பரஸ் ஏறத்தாழ ஒன்றரை கிராம். பத்தாயிரம் பேர் வாழும் ஒரு நகரின் கழிவுநீர் அப்படியே ஏரிக்கு வந்தால் நாளைக்கு 15 கிலோ. இப்போது ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் 100 கோடி லிட்டர் நீர் இருக்கும். லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் அளவில் பாஸ்பரஸ் சேர்ந்தாலே பாசி பெருகத் தோதான நிலை வந்துவிடும். நூறு கோடி லிட்டருக்கு அது 30 கிலோ. பத்தாயிரம் பேரின் இரண்டு நாள் கழிவு போதும். மீதி 363 நாள் வருவதெல்லாம் உபரி. "சாக்கடைத் தண்ணி கொஞ்சம்தான் சார் கலக்குது" என்று அதிகாரிகளும் குடியிருப்போரும் ஒருசேரச் சொல்லும் சமாதானம் இந்தக் கணக்கின் முன் நிற்காது. பாசிக்குக் கொஞ்சமே போதும்.

வரும் வழிகளும் தெரிந்தவைதான். பாதாளச் சாக்கடை இணைப்பு வராத தெருக்கள், இணைப்பு வந்தும் பணம் கட்டிச் சேராத வீடுகள், மழைநீர் வடிகாலில் இரவோடு இரவாகக் குழாயைச் சொருகிய அடுக்குமாடிகள், செப்டிக் டேங்க் லாரிகள், மாட்டுக்கொட்டகைச் சாணம். செங்குன்றம் பக்கம் அரிசி ஆலைகள் அதிகம். நெல் ஊறவைத்த நீரிலும் சத்து நிறையவே இறங்கும். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர், அங்கிருந்து மாதவரம் என்று ஒன்றுக்கொன்று உபரி அனுப்பும் சங்கிலி அந்தப் பக்கம். மேல் ஏரியின் கழிவு கீழ் ஏரிக்குச் சீதனமாக வருகிறது. கொரட்டூர் ஏரிக்குள் அம்பத்தூர்ப் பக்கத்துக் கழிவுநீர் வருவது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன வழக்கு. கரையை அழகுபடுத்தி நடைபாதை போட்ட ஏரிகளிலும் நுழைவாய் அப்படியே திறந்து கிடப்பதைப் பார்க்கலாம். நடைபாதைக்குத் திறப்பு விழா உண்டு, அடைத்த குழாய்க்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

இனி செலவு. இந்த ஏரிகள் நகரத்துக்காக வெட்டப்பட்டவை அல்ல. வரத்துக்கால், கரை, மதகு, உபரி வழியும் கலங்கல், பாசனம் பெறும் ஆயக்கட்டு என்று முழு உறுப்போடு பாசனத்துக்காகப் பிறந்தவை. அந்த அமைப்பில் மாட்டுச்சாணமும் இலைதழையும் மேட்டுமண்ணும் ஏரிக்குள் வரத்தான் செய்தன. வந்த சத்து மூன்று வழியில் வெளியேறியது. மதகைத் திறந்தால் நீரோடு கீழ்வயலுக்குப் போய் நெல்லானது. கோடையில் ஏரி காய்ந்ததும் வண்டல் மண்ணாக வண்டி வண்டியாக ஏறி மறுபடி வயலுக்கே போனது. மீனாகப் பிடிபட்டு ஊருக்குள் போனது. வண்டல் அள்ளுவது ஏரியின் கொள்ளளவைக் காப்பதற்கு என்றே பள்ளியில் படித்திருக்கிறோம். அதே வேலை ஆண்டுதோறும் பாஸ்பரஸை அகற்றும் வேலையாகவும் இருந்தது. ஊர்கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து செய்தவர்கள் இந்தத் தனிமத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கணக்கு மட்டும் நேர் செய்துகொண்டே வந்தார்கள்.

கொளத்தூரிலும் கொரட்டூரிலும் மாதவரத்திலும் ஆயக்கட்டு இன்று நகர்களாகிவிட்டது. வயல் போனதும் மதகுக்கு வேலை இல்லை. வண்டலுக்குக் கேட்பாரில்லை. வரத்துக்கால் மட்டும் சாக்கடையாக உருமாறித் தன் தொழிலைத் தொடர்கிறது. கலங்கல் வழியே ஐப்பசி வெள்ளத்தில் கொஞ்சம் சத்து அடித்துச் செல்லப்படுவது உண்மை. ஆனால் பெரும்பகுதி அதற்குள் அடியில் சேறாகப் படிந்துவிடுகிறது. ஏரியின் பழைய கணக்குப் புத்தகத்தில் இன்று வரவுப் பக்கம் மட்டும் எழுதப்படுகிறது.

அந்தச் சேறு சும்மாவும் கிடப்பதில்லை. ஆக்சிஜன் இருக்கும்வரை மண்ணிலுள்ள இரும்பு பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கும். அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இரும்பின் பிடி தளர்ந்து, பாஸ்பரஸ் மறுபடி நீருக்குள் வருகிறது. சாக்கடையை முற்றிலும் அடைத்த பிறகும் சில ஏரிகள் ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே இருப்பதற்கு இதுதான் காரணம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரியில் 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரைத் திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது. அது அறுபது மீட்டருக்கு மேல் ஆழமுள்ள ஏரி, அடியில் போனது அடியோடு போயிற்று. ஸ்வீடனின் ட்ரம்மன் ஏரி ஆழமில்லாதது. கழிவுநீரை நிறுத்தி ஆண்டுகள் கடந்தும் அது தெளியவில்லை. 1970, 71இல் சேற்றை ஒரு மீட்டர் ஆழத்துக்கு உறிஞ்சி எடுத்த பிறகே மாறியது. நம் ஏரிகள் எந்த ஜாதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆள் இறங்கினால் நெஞ்சளவு நீர் நிற்கும் ஏரிகள்.

மீன் செத்து மிதப்பதும் இதே கணக்கின் இன்னொரு வரிதான். பாசி பகலில் ஆக்சிஜனை வெளிவிடும், இரவில் தானே மூச்சு வாங்கும். பச்சை அடர்ந்த ஏரியில் மாலை நான்கு மணிக்கு அளந்தால் ஆக்சிஜன் தாராளமாக இருக்கும். விடியற்காலை நான்கு மணிக்கு அளந்தால் ஏறக்குறைய பூஜ்யம். அதனால்தான் காலையில் ஜிலேபி மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கோடைக்குப் பின் வரும் முதல் பெருமழை இன்னும் மோசம். வடிகால்களில் மாதக்கணக்கில் தேங்கிய சேறு ஒரே இரவில் ஏரிக்குள் இறங்கி, இருந்த கொஞ்ச ஆக்சிஜனையும் குடித்துவிடும். மறுநாள் டன் கணக்கில் மீன் செத்துக் கிடந்தால் "யாரோ மருந்து கலந்துவிட்டார்கள்" என்று புகார் கிளம்பும். ஆலைக்கழிவு காரணமாக இருக்கவும் கூடும், சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் கெளுத்தி மட்டும் உயிரோடு நீந்திக்கொண்டிருந்தால் மூச்சுத்திணறல் என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். ஆப்பிரிக்கக் கெளுத்தி மேலே வந்து காற்றையே குடித்துப் பிழைக்கும்.

இதுவரை சொன்னவை குளிப்பதற்கும் குடிப்பதற்கும் நாம் பயன்படுத்தாத ஏரிகள். புழல் வேறு. 3,300 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த ஏரி நகரத்தின் குடிநீர்த் தொட்டி. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944இல் கட்டிய பூண்டியில் சேரும் நீரும், 1996 முதல் கண்டலேறு கால்வாய் வழியாக வரும் கிருஷ்ணா நீரும், சோழவரம் ஏரியைத் தொட்டுப் புழலுக்கு வருகின்றன. 1872இல் இங்கிருந்து திறந்த கால்வாயில்தான் கீழ்ப்பாக்கத்துக்கு நீர் போனது. அன்று வடிகட்டல் கிடையாது, ஏரியில் இருந்ததெல்லாம் வீட்டுக்கும் வந்தது. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளை அமைத்தவர் பொறியாளர் ஜே. டபிள்யூ. மேட்லி. தியாகராய நகரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. இன்று சூரப்பட்டில் நாளொன்றுக்கு 30 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் நிலையமும் உண்டு. ஏரியின் வடக்கே பம்மதுகுளம், தெற்கே கள்ளிக்குப்பம், திருமுல்லைவாயில் என்று குடியிருப்புகள் நெருங்கிவிட்டன. புழலின் அளவும், ஆண்டுதோறும் புதுநீர் வந்து பழையது வெளியேறும் வேகமும் அதை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. ரெட்டேரிக்கு இல்லாத செலவுப் பக்கம் புழலுக்கு இருக்கிறது. நகரம் குடித்தே தீர்க்கிறது. அந்த ஓட்டம் நின்றுபோகும் வறட்சி ஆண்டுகளில்தான் ஆபத்து கூடும். 2019 கோடையில் புழல் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அப்போது ரெட்டேரி நீரையும் குடிநீர்க் கணக்கில் சேர்க்க ஏற்பாடு நடந்தது. கழிவு ஏரி, குடிநீர் ஏரி என்ற பிரிவு மழை பெய்யும்வரை மட்டுமே செல்லும்.

குடிநீர் ஏரியில் பாசி பெருகினால் முதலில் தெரிவது வாடை. மழை விழுந்த மண்ணின் மணத்துக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை நீலப்பச்சைப் பாசிகளும் உண்டாக்குகின்றன. ஒரு லிட்டரில் ஒரு கிராமின் பத்துக் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். "மெட்ரோ வாட்டர்ல சேத்து வாடை" என்ற கோடைக்காலப் புகாருக்கு இதுவும் ஒரு காரணம். வாடையால் உடம்புக்குக் கெடுதல் இல்லை. கெடுதல் வாடை இல்லாத இன்னொன்றில். மைக்ரோசிஸ்டின் என்ற நச்சு ஈரலைத் தாக்கும். பாசி இருக்கும் இடமெல்லாம் நச்சு இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே இனத்தில் நச்சு உண்டாக்குபவையும் உண்டு, உண்டாக்காதவையும் உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. வாழ்நாள் முழுவதும் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், சில நாட்களுக்கு மட்டும் என்றால் 12 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வரம்பு. நம் நாட்டுக் குடிநீர்த் தரநிலை, பாசியும் நச்சுண்டாக்கும் நுண்ணுயிரும் நீரில் இருக்கக் கூடாது என்று பொதுவாகச் சொல்கிறது. மைக்ரோசிஸ்டினுக்கென்று எண் எதுவும் தரவில்லை. எண் இல்லாததை எந்த ஆய்வகமும் அன்றாடம் அளக்காது.

நம் வீடுகளின் முதல் மருந்து காய்ச்சுவது. இந்த விஷயத்தில் அது உதவாது. கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும். நீர் ஆவியாகும்போது இன்னும் செறிவாகும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் ஈரி ஏரியின் பாசி நச்சு குழாய்வரை வந்தபோது, சுமார் நான்கு லட்சம் பேருக்கு "குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள்" என்று அறிவித்தார்கள். அந்தத் தடை மூன்றாம் நாள்தான் நீங்கியது. பாசியைக் கொன்றுவிட்டால் தீரும் என்பதும் பொய். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979இல் அணைநீரில் பாசி அடர்ந்ததால் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தூவினார்கள். பாசி செத்தது. செத்த உயிரணுக்கள் வெடித்து உள்ளிருந்த நச்சு மொத்தமாக நீரில் கலந்தது. அடுத்த சில நாட்களில் ஏறக்குறைய 150 பேர், பெரும்பாலும் குழந்தைகள், ஈரலும் சிறுநீரகமும் பாதித்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். ஆகவே நல்ல சுத்திகரிப்பு நிலையத்தில் வரிசை முக்கியம். பாசியை உடையாமல் படிகாரத்தால் திரட்டி முதலில் அகற்ற வேண்டும். பிறகு கரைந்த நச்சுக்குக் கரித்தூள், கடைசியில் குளோரின். போதிய அளவும் அரைமணி நேரமும் கிடைத்தால் குளோரினே மைக்ரோசிஸ்டினைச் சிதைத்துவிடும், நீரின் காரத்தன்மையைக் காட்டும் pH எண் எட்டுக்குக் கீழே இருந்தால். வேடிக்கை என்னவென்றால், பாசி பெருகிய நீரின் pH பகலில் ஒன்பதைத் தாண்டுவது சாதாரணம்.

இங்கே ஒன்றைச் சொல்லாவிட்டால் அளவு தவறிவிடும். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் தண்டையார்பேட்டையிலும் விடியற்காலையில் அடிபம்பில் குடம் நிரப்பும் பெண்களுக்கு இன்றைய முதல் ஆபத்து பாசி நச்சு அல்ல. பழைய குடிநீர்க் குழாயும் பழைய சாக்கடைக் குழாயும் பக்கத்தில் பக்கத்தில் ஓடி, அழுத்தம் குறையும்போது ஒன்று மற்றதில் கலப்பதுதான் அன்றாட ஆபத்து. அந்தக் கிருமிகளுக்குக் காய்ச்சுவதே சரியான மருந்து. ஆகவே காய்ச்சுவதை யாரும் விட்டுவிட வேண்டாம். சம்ப்பிலும் சின்டெக்ஸ் தொட்டியிலும் பச்சை பிடித்திருந்தால் அதுவும் பெரும்பாலும் ஏரியிலிருந்து வந்தது அல்ல, மூடி சரியில்லாமல் வெளிச்சம் படுவதால் வளர்வது. கழுவி மூடினால் போதும். பச்சை ஏடு படர்ந்த ஏரியில் மாடு இறங்குவதையும் பிள்ளைகள் குதிப்பதையும் தடுப்பது, அங்கே பிடித்த மீனைக் குடலும் ஈரலும் நீக்கிச் சமைப்பது, இவை போதுமான எச்சரிக்கை.

இனி வைத்தியங்கள். ஏரிக்கு நடுவே நீரூற்று போடுகிறார்கள். அருகில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடும், மாலையில் பார்க்க நன்றாக இருக்கும், பாஸ்பரஸ் ஒரு கிராம்கூட வெளியே போகாது. நுண்ணுயிர்க் கரைசல் என்று கேன் கேனாக ஊற்றுகிறார்கள். அதற்கும் அதே பதில். ஆகாயத்தாமரை அகற்றுவதை நான் அப்படி ஒதுக்கமாட்டேன். செடியோடு சத்தும் வெளியேறுகிறது. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரையின் எடையில் இருபதில் பத்தொன்பது பங்கு வெறும் நீர். பத்து டன் ஏற்றிய லாரியோடு போகும் பாஸ்பரஸ் ஒன்றிரண்டு கிலோதான். நாளொன்றுக்கு 15 கிலோ உள்ளே வரும் ஏரியில் கணக்கை நேர் செய்ய நாள்தோறும் பத்து லாரி வேண்டும். அள்ளியதைக் கரையிலேயே குவித்துவைத்தால் அதுவும் இல்லை, அழுகி அடுத்த மழையில் திரும்பி வந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆகாயத்தாமரை மூடியிருந்தவரை வெளிச்சம் உள்ளே போகாததால் பாசி அடங்கிக் கிடந்தது. மிதவை எந்திரம் வந்து சுத்தமாக அள்ளியதும் வெயில் விழ, இரண்டே வாரத்தில் ஏரி பச்சையாகிறது. "சுத்தம் பண்ணினதுக்கு அப்புறம்தான் கெட்டுப்போச்சு" என்று மக்கள் சொல்வது அபாண்டம் அல்ல. அவர்கள் பார்த்தது சரிதான். சத்து அப்படியே இருக்கிறது, அதைத் தின்னும் ஆள் மாறியிருக்கிறது.

சுத்திகரித்த கழிவுநீரை ஏரியில் விடலாம் என்ற யோசனையிலும் இதே பொறி இருக்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு அழுக்கையும் நாற்றத்தையும் போக்குகிறது. பாஸ்பரஸில் பெரும்பங்கு கரைந்தபடியே வெளியே வருகிறது. கண்ணாடி போன்ற அந்த நீர் பாசிக்குச் சாக்கடையைவிட வசதி. அழுக்கு குறைவு, வெளிச்சம் ஆழம்வரை போகும். ஏரியில் விடுவதாக இருந்தால் பாஸ்பரஸ் நீக்கும் கூடுதல் படி கட்டாயம் வேண்டும். இந்த வகையில் வடசென்னை ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. கொடுங்கையூரில் 2019இல் தொடங்கிய நிலையம் நாளொன்றுக்கு நாலரைக் கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வூடு வடிகட்டி மணலி, மீஞ்சூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பும் திறன் கொண்டது. ஆலைக்கு நன்னீர் மிச்சம், அந்த நீரின் சத்து ஏரிக்கு வராமலும் போகிறது.

மிஞ்சுவது சேறு. ஏரியிலிருந்து வண்டல் எடுப்பதற்கான அனுமதியை 2024 ஜூலை முதல் வட்டாட்சியரே தரலாம் என்று தமிழக அரசு எளிமையாக்கியது. திருவள்ளூர் மாவட்டத்தின் உள்ளூர் ஏரிகளுக்கு இது நல்ல செய்தி. அங்கே எடுக்க ஆளும் இருக்கிறது, போட வயலும் இருக்கிறது. கொரட்டூர் சேற்றை அப்படி வயலுக்கு அனுப்பிவிட முடியாது. தொழிற்பேட்டைக் கழிவு பல ஆண்டு படிந்த மண்ணில் குரோமியமும் ஈயமும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் நெல்லுக்குப் போட்டால், ஏரியின் நோய் தட்டுக்கு வந்துவிடும். முதலில் ஏரியின் பல மூலைகளில் சேற்றைத் தோண்டி, மேலடுக்கு வேறு கீழடுக்கு வேறாகச் சோதிக்க வேண்டும். சுத்தமான பகுதி வயலுக்கோ பூங்காவுக்கோ போகலாம், கெட்டது பாதுகாப்பான புதைகுழிக்கு. இதற்கெல்லாம் முன்பாக நுழைவாய்களை அடைக்க வேண்டும். குழாயைத் திறந்துவைத்துச் சேறு அள்ளுவது காண்ட்ராக்டருக்கு மட்டுமே லாபமான வேலை.

காலமும் நம் கையில் இல்லை. ஸ்வீடனைப் போல நீருக்கடியில் உறிஞ்சும் எந்திரம் தேவைப்படாத ஒரு வசதி நம் ஏரிகளுக்கு உண்டு. சித்திரை, வைகாசியில் ஓரப்பகுதிகள் தாமாகவே காய்கின்றன, அப்போது லாரியே உள்ளே இறங்கலாம். ஆவணி கடந்தால் நீர் ஏறத் தொடங்கும். அதாவது ஓராண்டுக்கு நான்கைந்து மாதம். சோதனையைத் தை மாதத்திலேயே முடித்து, முடிவை வார்டு அலுவலகத்தில் ஒட்டி, டெண்டரை மாசிக்குள் விட்டால் அந்த ஆண்டே வேலை நடக்கும். புரட்டாசியில் பூமி பூஜை போட்டால் அடுத்த கோடைதான்.